கத்தரிப்பூ நிறப் பாவாடை

1.

இந்தக் கதை எனக்கு நண்டோடு சேர்ந்து கிடைத்தது. உள்ளதைச் சொன்னால், நான் நண்டு வாங்கத்தான் போனேன்.

முதலில் என்னைச் சொல்லிவிடுகிறேன். பெயர் வாகீசன். யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் பிழை திருத்துகிறேன். மிஞ்சிய நேரத்தில் கதை எழுதுகிறேன். பிறந்தது நீர்வேலியில், வெள்ளிக்கிழமைகளில் முட்டை வாசம்கூட அண்டாத ஒரு சைவ வீட்டில். கலியாணம் கட்டி அரியாலைக்கு வந்தபிறகு என்னை நண்டு தின்னப் பழக்கியவள் என் மனைவி ஆரணி. பழக்கிவிட்டு இப்போது "கொழுப்புக் கூடும், பாத்துச் சாப்பிடுங்கோ" என்று மறிப்பவளும் அவள்தான்.

சனிக்கிழமைகளில் விடிந்ததும் சைக்கிளில் கொழும்புத்துறைப் பக்கம் ஒரு கரைக்குப் போவேன். (எந்தக் கரை என்று சொல்லமாட்டேன். ஏன் என்பது கடைசியில் உங்களுக்கே விளங்கும்.) அங்கே ஒருநாள், வரிசையில் கடைசியாக நின்ற வள்ளத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் குந்தியிருந்து வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தாள். கடலுக்குப் போய்வந்த ஈரம் அவளுடைய உடுப்பில் இருந்தது. எனக்கு முன்னால் நின்ற ஆள் என் பக்கம் சரிந்து, "உவள்தான் பாவாடைக்காரி" என்றார்.

"ஏன் அப்பிடிச் சொல்லுறியள்?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நான் கேட்காமல் விட்டிருந்தால் இந்த நேரம் நீங்கள் வேறு ஏதாவது நல்ல கதையை வாசித்துக்கொண்டிருப்பீர்கள்.

அவர் சொன்னது இதுதான். அவள் பெயர் றெஜினா. புருஷன் எமில்ராஜ் வள்ளத்தில் சறுக்கி விழுந்து தோள்மூட்டு உடைந்து, வலை இழுக்க ஏலாமல் வீட்டில் இருக்கிறான். வலையும் வள்ளமும் சும்மா கிடந்து பழுதாகக்கூடாது என்று றெஜினா தானே தனியாக, கரைக்கு முன்னால் கிடக்கும் ஆழமில்லாத பரவைக்கடலுக்குப் போகத் தொடங்கினாள். பெண் ஏறிய வள்ளத்தால் கரைக்கே கேடு என்று அங்குள்ள ஆண்களுக்கு ஒரு நம்பிக்கை. போன தவக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை காலை அவள் கரைக்கு வந்தபோது, அவளுடைய வள்ளத்தில் ஒரு நெடிய கம்பு நட்டிருந்தது. கம்பின் நுனியில் ஒரு உள்பாவாடை. அவளுடைய வீட்டுக் கயிற்றில் காய்ந்ததை எடுத்து வந்து கட்டியிருந்தார்கள். கட்டியவன் மீனவர் சங்கத் தலைவர் கிறிஸ்ரோபரின் மகன் லெனாட் என்பது கரை முழுக்கத் தெரியும். எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிலர் சிரித்தார்கள்.

றெஜினா அதை அவிழ்க்கவில்லை. அப்படியே ஏறி மிசினை இழுத்து ஸ்ராட் பண்ணிக்கொண்டு போய்விட்டாள். அன்று முதல் அந்தப் பாவாடைதான் கடலில் அவளுடைய வலைக்குக் கொடி.

கேட்டவுடன் எனக்கு உடம்பு புல்லரித்தது. கதை எழுதுகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு முனையில் அவமானம், மறுமுனையில் கொடி. நடுவில் நான் வசனத்தை நிரப்பினால் போதும். நண்டை மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஆரணி வெறும் பையைப் பார்த்தாள்.

2.

கடல் தெரியாத வாசகருக்கு ஒரு சிறு விளக்கம். (எனக்கும் இது புதிதுதான். எங்கள் நீர்வேலி வாழைத்தோட்ட ஊர்; வாழைக்குலை பற்றிக் கேட்டால் விடிய விடியச் சொல்லுவேன்.) நண்டு வலை போடுகிறவர்கள் வலையின் முனைகளில் மிதப்புக் கட்டி, மிதப்பில் ஒரு கம்பை நிறுத்தி, கம்பில் ஒரு துணி கட்டுவார்கள். தூரத்திலிருந்து அந்தத் துணியைப் பார்த்துத்தான் இது இன்னாருடைய வலை என்று அறிவார்கள். பிழையாக வந்து வலையை வெட்டிவிடாமல் விலகிப் போவதும் அந்தத் துணியைப் பார்த்துத்தான். துணி இல்லாத வலை கடலில் பெயர் இல்லாத ஆள்.

இனி என் தொடக்கங்கள்.

முதல் தொடக்கம்: "விடியாத பரவைக்கடலின் நடுவில் இரத்தச் சிவப்பாக ஒரு பாவாடை படபடத்து —"

(நிறுத்திவிட்டேன். பாவாடை சிவப்பு இல்லை. அடுத்த சனிக்கிழமை விசாரித்தபோது, கத்தரிப்பூ நிறம் என்றார்கள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. கத்தரிப்பூவை வைத்துக்கொண்டு என்ன புரட்சி செய்வது?)

இரண்டாம் தொடக்கம்: "றெஜினா ஒருபோதும் தலை குனிந்ததில்லை."

(இதை நானே நம்பவில்லை. தலை குனியாமல் நண்டு கழற்ற ஏலாது.)

மூன்றாம் தொடக்கம்: "அவமானம் என்பது பிறர் நமக்கு உடுத்தும் உடுப்பு. அதை நாமே விரும்பி உடுத்தும்போது —"

(இது கதை இல்லை, மேடைப் பேச்சு. ஆனாலும் அடிக்க மனமில்லை. நல்ல வசனம் என்று எனக்கு இப்போதும் ஒரு சபலம் இருக்கிறது.)

* நிறம் பற்றி ஒரு அடிக்குறிப்பு. தவக்காலத்தில் கத்தோலிக்கக் கோயில்களில் ஊதாத் துணி கட்டுவார்கள் என்று பின்னர் அறிந்தேன். கத்தரிப்பூவும் ஊதாவுக்குப் பக்கத்து வீடுதானே. பாவம், பரிகாரம், பாவாடை என்று ஒரு பந்தி எழுதினேன். எழுதி முடித்து வாசித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. கிழித்துப்போட்டேன். அது சும்மா ஒரு பெண் கடையில் பார்த்து, பிடித்து வாங்கிய நிறம்.

3.

எப்படியோ ஒரு கதையை எழுதி முடித்தேன். அதில் றெஜினா கம்பில் ஆடிய பாவாடையைப் பார்த்து முறுவலித்தாள். அவளுடைய முதுகு நிமிர்ந்தது. காற்று அவளுக்காக வீசியது. கடலில் எதிர்ப்பட்ட ஆண்கள் எல்லோரும் அந்தக் கொடியைக் கண்டு வழிவிட்டார்கள். கதையின் கடைசி வசனம், "இனி அது பாவாடை அல்ல, பட்டுக்கொடி."

ஆரணி அடுப்படியில் நின்றபடியே வாசித்தாள். எங்கள் வீட்டில் என் கதைகளுக்கு அவள்தான் முதல் வாசகி, முதல் எதிரி.

"இஞ்சேருங்கோ, இவ அழவே இல்லையோ?"

"கதையிலை அழேல்லை."

"ஏன்? உங்களுக்கு ஒரு பொம்பிளை அழுதுபோட்டு மற்றநாள் வேலைக்குப் போனால் கதை எழுதத் தெரியாதோ? ஒண்டில் அழுது சாகோணும், இல்லையெண்டால் சிங்கம் மாதிரி எழும்பி நிக்கோணும். நடுவிலை ஒண்டுமில்லையே உங்களிட்டை?"

நான் தாளை வாங்கிக்கொண்டு மேசைக்குப் போனேன்.

அவள் கேட்டதை அன்று முழுக்க யோசித்தேன். எங்களைப் போல எழுதுகிறவர்களுக்கு அவமானத்தைக் கிரீடம் ஆக்குவதில் ஒரு அவசரம் இருக்கிறது. ஊர் ஒருத்தி மேல் ஒரு அடையாளத்தைக் குத்துகிறது. நாங்கள் ஓடிப்போய் அதே அடையாளத்தைக் கழுவி, மினுக்கி, அவளுடைய தலையிலே வைத்து, "பார், எவ்வளவு வடிவு!" என்கிறோம். வாசகருக்கும் மனம் குளிரும். ஆனால் ஈரப் பாவாடையைக் கம்பில் கட்டிக்கொண்டு அடுத்தநாளும் அதே கரைக்கு வந்து, அதே முகங்களுக்கு முன்னால் நண்டு கழற்றப்போகிறவள் நாங்கள் இல்லை. அவளிடம் யாரும் கேட்பதில்லை. கிரீடம் தலைக்கு இறுக்கமா என்றாவது கேட்கலாம்.

ஆகவே கேட்கப் போனேன்.

4.

ஒரு சனிக்கிழமை, வாங்குகிற சனம் போன பிறகு, றெஜினாவுக்கு என் கதையை வாசித்துக் காட்டினேன். அவள் கையை நிறுத்தவில்லை. ஒரு நண்டின் காலை நூலிலிருந்து விடுவிப்பதும் கூடைக்குள் போடுவதுமாக இருந்தாள். "பட்டுக்கொடி" வந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"வாசிக்க வடிவாத்தான் கிடக்கு, அண்ணை. ஆனால் அது என்ரை பாவாடை இல்லை."

"விளங்கேல்லை, றெஜினா."

"என்ரை பாவாடையே இல்லை எண்டுறன். என்ரை எது, மற்றவையின்ரை எது எண்டு எனக்குத் தெரியாதே?"

பிறகு சொன்னாள். அவளுடைய வீட்டுக்குப் பக்கத்து வளவு சங்கத் தலைவர் கிறிஸ்ரோபருடையது. அவருடைய மனைவி லூர்த்தம்மா. உயிர்த்த ஞாயிறு வருகிறதென்று அந்த வீட்டுக்குப் பெயின்ற் அடித்தார்கள். வளவு முழுக்கச் சாரம் கட்டிக் கிடந்ததால் லூர்த்தம்மாவுக்கு உடுப்புக் காயப்போட இடமில்லை. "என்ரை கயிறிலை போடுங்கோ அக்கா" என்று சொன்னவள் றெஜினாதான். சொல்லிவிட்டு எமில்ராஜைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அந்த நேரத்தில்தான் லெனாட்டும் கூட்டாளிகளும் வேலிக்கு மேலால் எட்டி, றெஜினாவின் கயிற்றில் கிடந்ததை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"இடுப்புக்கு வலை கட்டுற பச்சை நைலோன் நூல்தான் கோத்துக் கிடந்தது. எங்கடை பக்கத்திலை அப்பிடிக் கோக்கிறவ லூர்த்தம்மாக்கா மட்டும்தான். நாடா நெடுக அறுகுதெண்டு சொல்லுவா. கம்பைப் பாத்த உடனை எனக்கு விளங்கிட்டுது."

"லெனாட்டுக்குத் தன்ரை தாயின்ரை பாவாடை தெரியாதே?"

றெஜினா சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"அந்த வீட்டிலை ஆர் அண்ணை உடுப்புத் தோய்க்கிறது? அவனோ? போட்டதைக் கழட்டி மூலையிலை எறிவான். பேந்து அது மடிச்சபடி அலுமாரிக்கை இருக்கும். இடையிலை என்ன நடக்குதெண்டு அவனுக்கு என்னெண்டு தெரியும்? தேப்பனுக்கும் தெரியாது. அவரும்தானே அண்டைக்குக் கரையிலை நிண்டு பாத்தவர்."

நானும் சிரிக்கப் பார்த்தேன். ஆனால் எங்கள் வீட்டுக் கயிற்றில் அன்று என்ன நிறம் காய்ந்தது என்று என்னைக் கேட்டிருந்தால் நானும் திருதிருவென்று முழித்திருப்பேன்.

"அப்ப ஏன் நீர் அந்த இடத்திலையே சொல்லேல்லை? 'தம்பி, உது உன்ரை கொம்மாவின்ரை' எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அவன் செத்திருப்பானே."

"அவன் சாகான், அண்ணை. அக்காதான் செத்திருப்பா. சிரிப்பு நிண்டிருக்காது. அப்பிடியே அங்காலை திரும்பியிருக்கும். எனக்குப் பதிலா அவ. அவ்வளவுதான் வித்தியாசம்."

"பேந்து ஏன் வலையிலை கட்டினீர்?"

"வேறை எங்கை வைக்கிறது? கையிலை கொண்டு திரும்பி வந்தால் என்ரை எண்டு நானே ஒத்துக்கொண்ட மாதிரி. கடலிலை விட்டால் ஆரின்ரையும் மிசின் காத்தாடியிலை சுத்தும். என்ரை வலைக் கொடியும் கிழிஞ்சு கிடந்தது. கட்டினன்." ஒரு நண்டைக் கூடைக்குள் போட்டாள். "கட்டிப்போட்டு அழுதனான். நல்லா அழுதனான். மிசினை நிப்பாட்டாமல் அழுதால் ஒருத்தருக்கும் கேக்காது."

ஆரணி கேட்டது சரி. என் கதையில் றெஜினா முறுவலித்துக்கொண்டு நின்ற அதே இடத்தில் உண்மையான றெஜினா விக்கி விக்கி அழுதிருக்கிறாள். நான் கதைத்தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

5.

அவள் அதோடு நிறுத்தியிருந்தால் என் கதை மட்டும்தான் கெட்டிருக்கும். மிச்சத்தையும் சொன்னாள்.

அன்று பின்னேரம் லூர்த்தம்மா ஒரு கோப்பையில் தேங்காய்ப்பால் சொதியோடு வந்தாளாம். வாசலில் நின்றாளாம். பாவாடையைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லை. றெஜினாவும் கதைக்கவில்லை. சொதி மட்டும் கை மாறியது. தன் உடுப்பில் ஒன்று குறைகிறது என்று லூர்த்தம்மா எவரிடமும் கேட்கவே இல்லை.

கடலில் சிவப்பும் கறுப்பும் வெள்ளையுமாக எத்தனையோ கொடிகள் நிற்கின்றன. கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றுதான். ஆகவே அது தூரத்திலேயே பிடிபட்டது. கிண்டலாகத் தொடங்கி, பிறகு ஆண்களே "பாவாடைக்கு அங்காலை தண்ணி கலங்கல்", "பாவாடைக்கு இஞ்சாலை போடு" என்று இடம் குறித்துக் கதைக்கப் பழகிவிட்டார்கள். ஐப்பசி மழைக்கு முன்னர், கிறிஸ்ரோபர் சாப்பிட்டுக்கொண்டு இருந்தபோது, "உவளின்ரை பாவாடை வெயிலுக்கு நாராக் கிழிஞ்சுபோச்சு" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். சோறு போட்டுக்கொண்டு நின்றவள் அதன் சொந்தக்காரி என்று அவருக்குத் தெரியாது.

அடுத்தநாள் லூர்த்தம்மா வந்தாள். இந்த முறை சொதி இல்லை. அதே கத்தரிப்பூ நிறத்தில் புதிதாகத் தைத்த ஒரு பாவாடை. இடுப்பில் பச்சை நைலோன் நூல்.

"இதைக் கட்டு" என்றாளாம்.

"வேண்டாம் அக்கா. எப்பவோ ஒருநாள் தெரியவரும்."

"நான் கலியாணம் கட்டி வந்தநாள் துவக்கம் உந்தக் கடலைக் கரையிலை நிண்டுதான் பாக்கிறன். என்ரை பாவாடையாவது போகட்டும்." பிறகு மெல்லக் கேட்டிருக்கிறாள், "எவ்வளவு தூரம் போகுது?"

"அங்காலை பூநகரிக் கரை தெரியிற இடம் மட்டுக்கும்."

"அவ்வளவு தூரமோ?" என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

பாருங்கள், அவமானம் றெஜினாவுக்கு என்று கட்டியது. கம்பில் ஆடியதோ அவளுடைய உடுப்பே இல்லை. அதிலிருந்து ஏதோ ஒரு துணிவு பிறந்திருக்கிறது என்றால், அது கரையில் நிற்கும் லூர்த்தம்மாவுக்குப் பிறந்திருக்கிறது. என் கதையில் அவளுக்கு ஒரு வசனம்கூட நான் வைத்திருக்கவில்லை.

"உதை எழுதாதேங்கோ, அண்ணை" என்றாள் றெஜினா. நான் ஓம் என்றேன்.

6.

(கதையைக் கைவிட்டேன்.)

7.

கைவிட்ட கதைக்கும் மனம் முடிவு தேடுகிறது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு வருடம் கடலுக்குப் போகாதவருக்கு அங்கத்துவம் இல்லை என்பது சங்கத்தின் விதி. எமில்ராஜின் வருடம் முடிந்துவிட்டது. றெஜினா தனக்கு அங்கத்துவம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறாள். கொடுக்காவிட்டால் துறையில் வள்ளம் கட்ட இடமில்லை, வள்ளத்தை விற்கவேண்டும். விற்றபின் அந்த வீட்டில் உழைக்க வேறு வழி இல்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கூட்டம். கையை உயர்த்தி முடிவு செய்வார்கள்.

கிறிஸ்ரோபர் கெட்ட மனிதர் இல்லை என்று றெஜினாவே சொல்கிறாள். எமில்ராஜை ஆஸ்பத்திரிக்கு ஏற்றியது அவருடைய ஓட்டோதான். ஆனால் அவர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: "பாவாடையைக் கொடியாக் கட்டிக் கரைக்கு மானக்கேடு. அதைக் கழட்டிப்போட்டுச் சங்கத்திட்டை மன்னிப்புக் கேக்கட்டும், யோசிப்பம்." கட்டியது அவருடைய மகன். மன்னிப்புக் கேட்கவேண்டியது அவள்.

எனக்கு இதைக் கேட்டபோது வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, பிழை திருத்துகிறவனின் பொறுமையோடு மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. றெஜினா கூட்டத்தில் எழுந்து, அது யாருடைய பாவாடை என்று சொல்லிவிடுகிறாள். மண்டபம் உறைகிறது. தலைவர் தலை கவிழ்கிறார். அங்கத்துவம் கிடைக்கிறது. வாசகர் கை தட்டுகிறார். (எழுதும்போது எனக்கும் இனித்தது. ஆனால் சிரிப்பு அங்காலை திரும்பும் என்று அவள் சொன்னாளே. ஒரு வருடமாக அவள் பல்லைக் கடித்துக் காத்ததை நான் ஒரு பந்திக்காகச் செலவழிக்க ஏலாது.)

ஆ. "லூர்த்தம்மா மண்டபத்தின் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு —"

(இதற்கு மேல் போகவில்லை. லூர்த்தம்மாவை நான் அதுவரை கண்டதே இல்லை. காணாத பெண்ணை எழுப்பி நிறுத்தி வீரவசனம் பேசவைக்க எனக்கு யார் உரிமை தந்தது?)

இ. றெஜினா கொடியைக் கழற்றுகிறாள். மன்னிப்புக் கேட்கிறாள். அங்கத்துவம் கிடைக்கிறது. திங்கட்கிழமை ஒரு சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறாள். கரையில் நிற்கும் ஒருத்திக்குக் கடலில் தேட இனி ஒன்றுமில்லை. (நடக்கக்கூடியது இதுதான். இதை எழுதிவிட்டு எனக்கு அழுகை வந்தது. ஆரணி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.)

8.

இன்று காலை நண்டு வாங்கப் போனபோது றெஜினாவிடம் கேட்டேன்.

"நாளைக்கு என்ன செய்யப்போறீர்?"

"பூசைக்குப் போவன். பேந்து கூட்டத்துக்குப் போவன்."

"கொடி?"

"அது நிக்கும். என்ரை எண்டால் கழட்டலாம், அண்ணை. அது அக்கா தந்தது."

"அங்கத்துவம் தராட்டில்?"

அவள் வள்ளத்தைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியது எனக்குத் தெரிந்தது. "தராட்டில் விக்கிறதுதான்" என்றாள்.

நண்டுப் பையைச் சைக்கிளில் கொழுவிக்கொண்டு திரும்பினேன். கரையிலிருந்து கோயிலுக்கும் சங்க மண்டபத்துக்கும் போவதற்கு ஒரே ஒழுங்கைதான். அந்த ஒழுங்கையில் பெயின்ற் இன்னும் மங்காத ஒரு வீடு. வீட்டுக்கு முன்னால், சங்கத் தலைவர் ஒருவருடைய வீட்டு முகப்பில் யாரும் கட்டாத இடத்தில், கேற்றிலிருந்து தென்னைக்கு ஒரு புதுக் கயிறு இழுத்துக் கட்டியிருந்தது. கயிற்றில் ஒரே ஒரு உடுப்பு. கத்தரிப்பூ நிறத்தில் இன்னொரு உள்பாவாடை. இடுப்பில் பச்சை நைலோன் நூல், முடிச்சு ஒழுங்கையைப் பார்த்தபடி.

நான் சைக்கிளை விட்டு இறங்கினேன். ஒரு பெண் கயிற்றுக்குக் கீழே நின்று கவ்வியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கட்டையான ஆள், தலை நரைத்துவிட்டது. அவள் என்னைக் கண்டு மறையவில்லை.

"தம்பி, நீங்கள்தானே கதை எழுதுறவர்? றெஜினா சொன்னவள்."

"ஓம் அக்கா." "பாவாடை காயேல்லைப் போலை" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

"அது இப்பத்திக்குக் காயாது" என்றாள் லூர்த்தம்மா. "நாளைக்குப் பூசை முடிஞ்சு சனம் போகுமட்டும் உதிலைதான் கிடக்கும்."

"தலைவர் அண்ணைக்குத் தெரியுமோ?"

"காலமை இதுக்குக் கீழாலை குனிஞ்சுதான் போனவர். கயிறு தலையிலை இடிக்குது, உயர்த்திக் கட்டு எண்டவர்." அவள் கயிற்றை ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். "உயர்த்தித்தான் கட்டியிருக்கிறன்."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கவ்வி ஒன்று கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். பயமாக இருக்கிறது என்று அவளே சொன்னாள்.

"அக்கா, நான் இதை எழுதலாமோ? றெஜினா வேண்டாம் எண்டவள்."

"அவள் எனக்காகச் சொன்னவள். நான் சொல்லுறன், எழுதுங்கோ. பேரை மாத்துங்கோ. நிறத்தை மாத்தாதேங்கோ."

பெயர்களை மாற்றிவிட்டேன். கரையின் பெயரைச் சொல்லவில்லை. நிறம் அதேதான்.

9.

சனிக்கிழமை பின்னேரம் இதை எழுதி முடிக்கிறேன். நாளை என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியவந்தாலும் இதில் சேர்க்கமாட்டேன். நீங்கள் இதை வாசிக்கும்போது கூட்டம் எப்போதோ முடிந்திருக்கும். ஆனாலும் என்னோடு கொஞ்சம் வாருங்கள்.

பூசை முடிந்துவிட்டது. ஆண்கள் வெள்ளைச் சேட்டோடு ஒழுங்கையால் மண்டபத்துக்குப் போகிறார்கள். கிறிஸ்ரோபர் முன்னால் போகிறார், லெனாட் பின்னால். நடுவில் நீங்கள். நீங்களும் சங்கத்தில் ஒரு ஆள், உங்களுக்கும் ஒரு கை இருக்கிறது. கேற்றடியில் கயிறு தலைக்கு மேலே நிற்கிறது. கீழே ஒரு பெண் நிற்கிறாள், ஒன்றும் சொல்லமாட்டாள். கடலில் இந்த நிறத்தைக் கண்டு எத்தனை தரம் வள்ளத்தைத் திருப்பியிருக்கிறீர்கள். அண்ணாந்து பார்ப்பீர்களோ, தலையில் இடிக்குமென்று குனிந்துகொண்டு போவீர்களோ, எனக்குத் தெரியாது.

மண்டபத்துக்குள் போனதும் பெயரை வாசிப்பார்கள். றெஜினா பின்வரிசை வாங்கில் இருப்பாள். சம்மதமானவர்கள் கையை உயர்த்தச் சொல்வார்கள்.